ஒரு டீச்சர், ஒரு ஆயா, 27 பிள்ளைகள்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாங்கன்னு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. கோயில் வரலாறு, ஏரி வரலாறு எழுத வேற ஆளுங்க இருக்காங்க. நான் பால்வாடி வரலாற்றை எழுதுகிறேன். நாம வேலைக்கும் குழுக் கூட்டத்துக்கும் நிம்மதியாப் போறதே அந்த ஒரு கட்டடம் இருக்கிறதாலதான்.

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நாடு முழுக்க 33 இடங்களில்தான். சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மாருக்கு ஆலோசனை என்று ஆறு சேவைகள். ஊசி போட நர்ஸம்மா வருவாங்க. ஆனா வீடு வீடாப் போய் தாய்மாரைக் கூட்டி வருவது, எடை போடுவது, நோட்டு எழுதுவது எல்லாம் டீச்சர் தலையில். கூட ஒரு உதவியாளர், அதாவது நம்ம ஆயா. 2021-ல் இருந்து செல்போனிலும் பதிவு பண்ணணும்.

நம்ம பக்கத்து ஆளுங்க நினைவில் நிற்பது 1982 ஜூலை 1. அன்றுதான் எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பால்வாடியில் 2 வயசுப் பிள்ளைக்கும் மதியம் சோறு கிடைத்தது. வேலைக்கு விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தாங்க. எங்க பெரியம்மா அப்படித்தான் ஆயா வேலைக்குச் சேர்ந்தாங்க. அந்தச் சம்பளத்தில்தான் ரெண்டு பிள்ளைகளைக் கரையேத்தினாங்க. "ஒரு கண்ணு உலையில, ஒரு கண்ணு வாசல்லன்னே என் காலம் போச்சுடி" என்று இன்னைக்கும் சொல்வாங்க. சின்ன வயசுல அதைக் கேட்டுச் சிரிப்போம்.

எனக்கு அது புரிந்தது 2022-ல். என் சின்னப் பொண்ணுக்கு அப்போ மூணு வயசு. டீச்சருக்கு அன்னைக்கு வட்டார அளவில் மீட்டிங். ஆயா மட்டும் சமையலில். ஆட்டுக்குட்டி பின்னாடியே என் பொண்ணு தார் ரோடு வரைக்கும் போயிட்டா. பால் ஊத்திட்டு வந்தவர் ஒருத்தர் பார்த்துத் தூக்கிட்டு வந்தார். அந்த ரோட்டில்தான் கரும்பு டிராக்டர் போகும். நான் ஓடிப்போய் ஆயாவைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த அம்மா பதில் பேசாம அழுதாங்க.

மறுநாள் மனசு கேட்காம அங்கேயே போய் உட்கார்ந்தேன். 27 பிள்ளைங்க. ஒண்ணு வெளிக்குப் போயிடுச்சு, ஆயா கழுவ எழுந்து போனாங்க. அதே நேரம் ரெண்டு பேர் முடியைப் பிடித்துச் சண்டை. இன்னொண்ணு மூலையில் எதையோ எடுத்து வாயில் போட, நான்தான் தோண்டி எடுத்தேன், உடைஞ்ச பொத்தான். டீச்சர் "கையைக் கட்டு, வாயில விரலை வை" என்று சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பிள்ளைங்களை ஏன் இப்படி அடக்குறாங்கன்னு முன்னெல்லாம் கோபம் வரும். ஒத்தை ஆளு வேற என்ன பண்ண முடியும்? ஒவ்வொண்ணுகிட்டயும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினாத்தானே பிள்ளைக்குப் பேச்சு வரும். பேச வேண்டிய வயசுல வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்குதுங்க.

அப்புறம்தான் இந்த ஆள் கணக்கை எதை வைத்துப் போடுறாங்கன்னு விசாரித்தேன். ஊர் ஜனத்தொகையை வைத்து. 400-ல் இருந்து 800 பேருக்கு ஒரு மையம். உள்ளே 10 பிள்ளை வந்தாலும் 30 வந்தாலும் டீச்சர் ஒருத்தர்தான். ஆனா 2013-ல் மத்திய அரசு போட்ட குழந்தைப்பருவக் கல்விக் கொள்கையில் 3 வயசுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒருத்தர், 3-ல் இருந்து 6 வரை 20 பிள்ளைக்கு ஒருத்தர்னு இருக்கு. நம்ம 100 நாள் வேலையிலும் பாருங்க. 2006-ல் முதல் கட்டத்திலேயே நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்தது. வேலை நடக்கிற இடத்துக்கு 6 வயசுக்குள்ள 5 பிள்ளைங்க வந்தாலே, பார்த்துக்க ஒரு பெண்ணை நிறுத்தணும், அவங்களுக்கும் கூலி உண்டுன்னு விதி வைத்தாங்க. மண்ணு வெட்டுற இடத்தில் பிள்ளைத் தலையை எண்ணச் சொன்னாங்க, பால்வாடியில் ஊர்த் தலையை எண்ணுறாங்க.

இதை எங்க குழுக் கூட்டத்தில் பேசினேன். அந்த வருஷம் அக்டோபர் 2 கிராம சபையில் 14 பேர் போய், இன்னொரு ஆள் வேணும், வாசலுக்குக் கேட்டு வேணும்னு தீர்மானம் கொண்டு வந்தோம். கேட்டு மூணு மாசத்தில் வந்தது. ஆள் வரலை. டீச்சர் மீட்டிங் போகிற நாளில் குழுவிலிருந்து முறை வைத்து ஒருத்தர் போய் உட்காருவதுன்னு முடிவு பண்ணினோம். நடவு வந்ததும் நின்னு போச்சு. கூலியை விட்டுட்டு யாரால வர முடியும்? யாரையும் குறை சொல்ல மாட்டேன். மறுபடி தை மாசம் கழித்து ஆறு பேரோட ஆரம்பித்தோம்.

ஆயாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "பெத்தவளுக்குப் பதறாதா" என்று மட்டும் சொன்னாங்க. போன வருஷம் அவங்க ஓய்வு பெற்றுட்டாங்க. அந்த இடம் இன்னும் காலி. டீச்சர் தனி ஆளாப் பார்க்கிறாங்க. என் பொண்ணு இப்போ ரெண்டாவது படிக்கிறா, ஆனாலும் வியாழக்கிழமை என் முறை. காலையில் வேலையை முடிச்சிட்டு நான் போய்க்கிட்டுத்தான் இருக்கேன்.