ரிப்போர்ட்டில் இருக்கும் ‘நியூ’

திருத்தணியில் ஒரு பெண் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி மலைப்படி இறங்கி வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடி என்று நினைத்துக்கொள்வார்கள். கீமோவில் முடி கொட்டியவர்களுக்கு இந்த ஊர் அந்த வகையில் தோதானது.

அப்படிப்பட்டவர்கள் சென்னைக்கு ரயிலில் எடுத்துப்போகும் ஃபைலில் ஒரு பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கும். மார்பகப் புற்றுநோய் என்றால் அதில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரி. அதற்குக் கீழே ‘ஹெர்-2/நியூ’ என்று ஒரு வரி, எதிரே 0-விலிருந்து 3+ வரை ஏதாவது ஒரு எண். ‘நியூ’ன்னா புதுசா வந்த டெஸ்ட்டா என்று கேட்கத் தோன்றும். இல்லை. அது நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புக் கட்டியின் பெயரிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. கட்டியும் மனுஷருக்கு வந்ததல்ல, எலிக்கு வந்தது.

அந்த எலிக் கதையில் ஒரு இந்தியர் இருக்கிறார். பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், எம்.ஐ.டி.யில் ராபர்ட் வெய்ன்பெர்க்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த லக்ஷ்மி சரண் பாதி. எலியின் நரம்புக் கட்டியிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துச் சாதாரண சுண்டெலிச் செல்களுக்குள் செலுத்தினார்கள். அந்தச் செல்கள் புற்றுச் செல்களாக மாறின. அவற்றைச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டபோது கட்டி வந்தது. கூடவே அந்தச் சுண்டெலிகளின் ரத்தத்தில், கட்டியிலிருந்த ஒரு பெரிய புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியும் உண்டாகியிருந்தது. புரதத்தின் எடை சுமார் 1,85,000 டால்டன். பாதி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை 1982இல் ‘செல்’ இதழில் வந்தது.

இரண்டு வருஷத்தில் அந்தப் புரதம் என்னவென்று தெரிந்துவிட்டது. செல்லின் தோலில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் செருகியிருக்கும் வளர்ச்சி ஏற்பி. செல்லுக்கு ‘வளரு, பிளவுபடு’ என்று உள்ளே சேதி சொல்லும் ஆண்டெனா மாதிரி. அன்றைக்குத் தெரிந்திருந்த மற்ற புற்று மரபணுக்களில் பலவும் செல்லுக்குள்ளே ஒளிந்திருந்து வேலை செய்பவை. இது வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. மருந்து தொட வேண்டுமென்றால் இதைவிட வசதியான இடம் இல்லை. 1985இல் ட்ரெபின், கிரீன் குழு வெய்ன்பெர்க்கோடு சேர்ந்து, ஆன்டிபாடியால் இந்த ஏற்பியை அடக்கினால் புற்றுச் செல் சாதுவாகிறது என்றும் காட்டியது.

சரி, அப்புறம் ஏன் உடனே மருந்து வரவில்லை? பொறுப்பில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த ஆய்வகத்தின் கேள்வி, செல் எப்படிப் புற்றாகிறது என்பது. எந்த நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்பது அல்ல. எலியின் நரம்புக் கட்டிக்கும் ஒரு பெண்ணின் மார்பகத்துக்கும் முடிச்சுப் போட, கட்டிகளைச் சேர்த்து வைத்திருந்த ஒரு டாக்டர் வர வேண்டியிருந்தது.

அவர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த டென்னிஸ் ஸ்லாமன். ஜெனன்டெக் கம்பெனியில் ஆக்சல் உல்ரிச், இதே மரபணுவின் மனித வடிவத்தைத் தனியாகக் கண்டுபிடித்து ‘ஹெர்-2’ என்று பெயர் வைத்திருந்தார். ரிப்போர்ட்டில் இரண்டு பெயர் சேர்ந்து வருவது இதனால்தான். மரபணு ஒருவரிடம், கட்டிகள் இன்னொருவரிடம். 1987இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் 189 மார்பகக் கட்டிகள். அவற்றில் 30 சதவீதத்தில் இந்த மரபணு இரண்டு முதல் இருபது மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. (பின்னாளில் கணக்கு 15-20 சதவீதம் என்று இறங்கியது.) பிரதிகள் அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரமே திரும்பியது, ஆயுளும் குறைந்தது.

அதன்பின் 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் அனுமதி பெற்றது. ஹெர்செப்டின் என்றால் பலருக்குத் தெரியும். பாதியின் கட்டுரையிலிருந்து எண்ணினால் 16 வருஷம்.

நம் பக்கம் வந்துசேர இன்னொரு 16 வருஷம். மருந்து கடையில் இருந்தது, வாங்க முடிந்தவர்கள் சிலர்தான். 2013இல் ரோஷ் இந்தியக் காப்புரிமையைத் தொடராமல் விட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான் தன் மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 440 மில்லிகிராம் குப்பியின் விலை 57,500 ரூபாய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம் போட வேண்டிய மருந்து இது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ‘மலிவு’ என்ற சொல்லை இங்கே யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்பது முக்கியம். நெசவுக் கூலியில் குடும்பம் நடத்துபவர்களுக்கு 57,500 என்பது விலை இல்லை, கதவடைப்பு.

அதனால்தான் காப்பீட்டு அட்டை பெரிய விஷயமாகிறது. அங்கே பழைய எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பக்கத்து நகரி ஆந்திராவிலேயே நின்றது. கொண்டு கொடுத்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு. அக்காவிடம் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, நகரியில் வாக்கப்பட்ட தங்கையிடம் ஆந்திர அரசின் காப்பீட்டு அட்டை. ஒரே நோய் வந்தாலும் விதி வேறு, பட்டியல் வேறு.

ரிப்போர்ட்டில் 3+ வந்தால் மருந்து பலன் தர வாய்ப்புண்டு. 0, 1+ என்றால் இந்த மருந்து வேண்டாம் என்பதே வழக்கம். சங்கடம் 2+தான். அப்போது ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு டெஸ்ட் எழுதித் தருவார்கள். ஸ்லாமன் 1987இல் எண்ணிய அதே மரபணுப் பிரதிகளைத்தான், இப்போது ஒளிரும் புள்ளிகளாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுகிறார்கள். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், ரிசல்ட் வர நாளாகும், வாங்குவதற்கு இன்னொரு தடவை ரயில் ஏற வேண்டும்.