திம்புள்ள மலையின் நடைபாதைகள்



நடப்பதற்கென்றே நம் மலைநாட்டைத் தேடி வருவோர் தொகை இக்காலத்திற் பெருகியிருக்கின்றது. கண்டியை அடுத்த ஹந்தானையிலே தொடங்கி, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, பொகவந்தலாவை, டயகம ஆகிய ஊர்களைத் தொட்டு, ஹோட்டன் சமவெளிக்கு ஏறி, ஊவா மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் நெடும்பாதை ஒன்று அண்மையில் வகுக்கப்பட்டுள்ளது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். தேயிலைத் தரமொன்றின் பெயரால் அதனைப் 'பீக்கோ பாதை' என்கின்றனர். நடப்போரும் ஓடுவோரும் மலைச் சைக்கிள் செலுத்துவோரும் அதிற் செல்கின்றனர். வகுக்கப்பட்டது என்றேன், வெட்டப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அப்பாதையின் பெரும்பகுதியை வெட்டியவர்கள் நம் முன்னோர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திம்புள்ள பெருங்காடாகவே கிடந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக அக்காடு அழிந்தது. அழிக்க வந்தவர்கள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டினூடே கால்நடையாக வந்தவர்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்ததோ 1914-ஆம் ஆண்டிலேதான்.

1869-இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிற்று. லூல்கந்துரவில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1874-இல் நாவலப்பிட்டியை எட்டியது; ஹட்டனுக்கு 1884-இலும் நானுஓயாவுக்கு 1885-இலும் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் திம்புள்ளவின் விளைச்சல் மாட்டு வண்டியிலும் மனிதர் தலையிலுமே இறங்கிற்று.

ஆகவே தோட்டத்திலே இருவகைப் பாதைகள் உண்டாயின. துரையின் குதிரைக்கும் வண்டிக்குமான பாதை, ஏற்றம் மிகாதபடி அளந்து குறிக்கப்பட்டு, மலையை வளைந்து வளைந்து செல்லும். தொழிலாளரின் பாதையோ 'குறுக்கு'. கொழுந்துக் கூடையோடு பெண்கள் செங்குத்தாக ஏறி இறங்கித் தேய்த்த படிகள் அவை. அதற்கு அளவுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காடு முற்றும் அழியாமற் போனதற்கும் காரணமுண்டு. 1873-இல், கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரான ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்குமாறு ஆலோசனை கூறினார். ஆற்று நீரும் மழையும் குன்றிவிடும் என்பதே அச்சம். கோட்டுக்கு மேலேயும் ஆங்காங்கே தேயிலை ஏறிற்று என்பது வேறு கதை. எனினும், டயகமவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறுகிறவர், தேயிலை முடிந்து பாசி படர்ந்த காடு தொடங்கும் எல்லையைக் கண்ணாற் காணலாம். அச்சமவெளி 1988-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010-இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியிலும் சேர்ந்தது.

இன்று எந்நாட்டாரும் நடக்கும் இப்பாதைகளிலே ஒருகாலத்தில் வெளியார் கால்வைக்க முடியாது. தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி நுழைவது குற்றம். தொழிலாளரைத் தேடிவந்த உறவினரும் வாயிலில் நிறுத்தப்பட்டதுண்டு. புடவை வியாபாரிகளைத் தடுப்பதில்லை என்றறிந்த தஞ்சைக் கோ. நடேசய்யர், அவர்களுள் ஒருவர் போல் மூட்டையோடு தோட்டங்களுக்குட் புகுந்து, லயங்களில் வாழ்ந்தோரின் நிலையை நேரிற் கண்டார். அந்த வேடத்திலே அவர் ஏறிய பாதைகளுக்கு எந்த வழிகாட்டி நூலும் சிறப்பளிக்கவில்லை என்பது எனக்குச் சிறிது வருத்தமே. 1931-இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936-இல் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்றார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளர் கூட்டங்களிலே பாடல்களைப் பாடிப் பரப்பினார்.

புதிய நெடும்பாதை பெரும்பாலும் பழைய வண்டிப் பாதையின் வழியே வளைந்து செல்கிறது. லயத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது இன்றும் குறுக்கிலேதான்.