ஒரு மாதத்துக்குள் வரச் சொல்லும் உரிமை

கண்டி வீதியால் வருகிற நாங்கள் அரியாலையைக் கடந்துதான் யாழ்ப்பாண நகருக்குள் நுழைகிறோம். அங்கே செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கூடவே ஒரு நீலநிறப் புத்தகப் பையும் ஒரு பொம்மையும். படிப்பிக்கிற எங்களால் அந்தப் பையை மறக்க முடியவில்லை. குடியுரிமைக் கல்விப் பாடத்தில் 'அடிப்படை உரிமைகள்' என்று கரும்பலகையில் எழுதும்போது கை தயங்குகிறது.

சோல்பரி யாப்பில் அடிப்படை உரிமைகளுக்கென்று ஒரு அத்தியாயமே இருக்கவில்லை. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமான சட்டம் இயற்றக்கூடாது என்ற 29(2) மட்டுமே இருந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியபோது அது அவர்களைக் காக்கவில்லை. 1972 யாப்பு உரிமைகளை எழுதியது, 29ஐக் கைவிட்டது. உரிமை மீறப்பட்டால் நேரே உயர் நீதிமன்றம் போகலாம் என்ற வழி 1978 யாப்பின் 126ஆம் உறுப்புரையில்தான் வந்தது.

அந்த வழியில் இரண்டு பூட்டுகள்.

முதலாவது, ஒரு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். 1996 செப்டெம்பர் 7இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாணவி கிருஷாந்தி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய்தான் 1998இல் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15. அந்தக் காலத்தில் பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய், தரைப்பாதை மூடிக்கிடக்க, ஒரு மாதத்துக்குள் கொழும்பு புதுக்கடைக்கு எப்படிப் போவார்? உயிர்வாழும் உரிமை என்ற சொல்லும் அந்த அத்தியாயத்தில் இல்லை. 13(4)இலிருந்து அதை உயர் நீதிமன்றம் 2003இல், ஸ்ரீயானி சில்வா வழக்கில், பொருள்கொண்டு எடுத்தது.

இரண்டாவது பூட்டு எங்களுடைய கதை. 126 அரசின் செயலுக்கு எதிராக மட்டுமே திறக்கும். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை 14(1)(ஏ)ச் என்ற உறுப்புரையில் எழுதித்தான் இருந்தது. யாருக்கு எதிராக மனுப் போடுவது? 2007 ஜூன் 7இல் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது, மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. மனதார மகிழ்ந்தோம். அதே உரிமைதான். எங்களுக்கு மட்டும் கதவு இருக்கவில்லை.

எங்கள் இழப்பைச் சொல்வது செம்மணியைச் சிறிதாக்க அல்ல. செம்மணிக்காக நிற்பதால் 1990 மறைந்துவிடப் போவதுமில்லை. உயிர்வாழும் உரிமையை யாப்பில் வெளிப்படையாக எழுதவேண்டும், ஒரு மாதக் கெடுவை நீட்டவேண்டும் என்று இரண்டு சமூகமும் சேர்ந்து கேட்கலாம்.

அதுவரை பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி கணக்கில் சேராது. பரீட்சைக்கு வராவிட்டாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.