சாங்கான் நகரில் நவக்கிரகங்கள்: இந்திய, சீனச் சோதிட மரபுகள் சந்தித்த வரலாறு

இந்தியச் சோதிடத்தையும் சீனச் சோதிடத்தையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் எண்களிலிருந்தே தொடங்குகிறார்கள். இங்கே 27 நட்சத்திரங்கள், அபிஜித்தைச் சேர்த்தால் 28; அங்கே 28 சியூக்கள், அதாவது சீனர் வகுத்த விண்மீன் பிரிவுகள். இங்கே 12 ராசிகள். அங்கே 12 விலங்குகள். ஆண்டுச் சுற்று இரு இடத்திலும் 60. இந்த ஒற்றுமைகள் கவர்ச்சியானவை என்றாலும் இரு மரபுகளின் உறவை விளக்கப் போதாதவை. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் தாங் பேரரசின் தலைநகரான சாங்கானில் இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தபோது சீனா எதை ஏற்றது, எதைத் தள்ளியது என்று பார்ப்பதே பயனுள்ள ஒப்பீடு என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சந்திப்புக்கு வெகுகாலம் முன்பே இரண்டும் தனித்தனியே முதிர்ந்திருந்தன. ஹூபெய் மாநிலத்தில் 1978இல் அகழப்பட்ட செங் நாட்டுச் சிற்றரசர் யீயின் கல்லறையிலிருந்து ஓர் அரக்குப் பெட்டி கிடைத்தது. கி.மு. 433ஐ ஒட்டிய அதன் மூடியில் 28 சியூக்களின் பெயர்களும் வட்டமாக எழுதப்பட்டுள்ளன. அதர்வ வேதமும் தைத்திரீய சங்கிதையும் நட்சத்திரப் பட்டியலைக் கார்த்திகையில் தொடங்குகின்றன. சீனப் பட்டியலோ நாம் சித்திரை என்னும் விண்மீனில் தொடங்குகிறது. இந்தியர் பிற்காலத்தில் வானத்தை 13 பாகை 20 கலை கொண்ட சம துண்டுகளாக வகுத்தனர். சீனர் அப்படி வகுக்கவில்லை: அவர்களின் ஒரு சியூ 33 பாகை அகலம், இன்னொன்று 2 பாகைதான். இரண்டில் எது மூலம் என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் கடுமையாகச் சண்டையிட்டார்கள். அளவு முறையே இவ்வளவு வேறுபடும்போது அந்தக் கேள்விக்கு நாம் அதிகம் செலவிட வேண்டியதில்லை.

வானம் யாருக்காகப் பார்க்கப்பட்டது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. சீனாவில் அது அரசனுக்காக. கிரகணமும் வால்மீனும் ஆட்சியைப் பற்றிய செய்திகள். அவற்றைப் படிக்கும் உரிமை அரசு வானியல் அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. தனியார் வானியல் கருவிகளையோ நூல்களையோ வைத்திருந்தால் இரண்டு ஆண்டு கடுங்காவல் என்று தாங் சட்டத் தொகுப்பு விதித்தது. இந்தியாவில் வேதாங்க ஜோதிஷம் வேள்விக்கு நாள் குறிக்க எழுந்தது. ஐந்தாண்டு யுகத்தைக் கணக்கிடும் அந்நூலில் ராசியும் இல்லை, ஜாதகமும் இல்லை. ராசியும் லக்னமும் கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில் கிரேக்கத் தொடர்பால் வந்து சேர்ந்தவை. இன்று ‘வேத ஜோதிடம்’ என்று வழங்குவதில் தனிமனிதனின் பலன் சொல்லும் பகுதி வேத காலத்தது அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாங் வானியல் அலுவலகத்தில் கௌதம, காசியப, குமார என்னும் மூன்று இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பணிபுரிந்தன. அவர்களில் கௌதம சித்தர் 718இல் இந்தியக் கணிதமுறையைச் சீனத்தில் ‘நவக்கிரக நாட்காட்டி’யாக வடித்தார். அவர் தொகுத்த 120 பகுதிகள் கொண்ட சோதிடக் களஞ்சியத்தின் 104ஆம் பகுதியில் அது இன்றும் இருக்கிறது. வட்டத்துக்கு 360 பாகை, சைன் அட்டவணை, சுழியத்துக்குப் புள்ளி ஆகிய மூன்றும் சீன வாசகர் முன் அங்கே வைக்கப்பட்டன. அரசவை அவற்றைக் கையில் எடுக்கவில்லை. கணக்கிடு குச்சிகளை விட்டுவிட்டு எழுதிக் கணக்கிடும் இம்முறை தொல்லை பிடித்தது என்று தாங் வரலாற்று நூல் ஒதுக்கிவிடுகிறது.

ஒதுக்கலுக்குப் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. பௌத்தத் துறவி யீசிங் உருவாக்கிய தாயன் நாட்காட்டி அவர் இறந்த பின் 729இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சீர்திருத்தத்தில் தமக்கு இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை கௌதம சித்தரின் மகனுக்கு இருந்தது. தாயன் முறை நவக்கிரக நாட்காட்டியைப் பார்த்து அரைகுறையாக எழுதப்பட்டது என்று அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 733இல் குற்றம் சாட்டினார்கள். அரசு வான்நோக்கு மேடையின் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். பத்துக்கு ஏழெட்டுத் தடவை தாயன் சரியாக இருந்தது. பழைய சீன நாட்காட்டியான லின்டே முறை மூன்று நான்கு. இந்திய முறை ஒன்றோ இரண்டோ. குற்றம் சாட்டியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். நாட்காட்டிக்கு வேண்டியது கண்ணால் கண்டதோடு பொருந்துவது மட்டுமே என்ற கறாரான அளவுகோல் அங்கே வென்றது.

அரசவையில் தோற்ற மரபு மடாலய வாயில் வழியாக உள்ளே வந்தது. 741இல் புறப்பட்டு இலங்கை சென்று தாந்திரிக நூல்களோடு 746இல் திரும்பிய பௌத்தத் துறவி அமோகவஜ்ரர், 759இல் நட்சத்திர, கிரகப் பலன்களைக் கூறும் சூத்திரம் ஒன்றைச் சீனத்தில் தந்தார். 764இல் அவருடைய சீடர் அதைத் திருத்தினார். எந்த நட்சத்திரத்தில் பிறந்தவன் எப்படிப்பட்டவன், எந்த நாளில் பயணம் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. அபிஜித்துக்கு இணையான சியூவை விட்டுவிட்டு எண்ணிக்கையை 27 ஆக்குகிறது. ஏழு கிழமைகளும் இதன் வழியே பரவின. கூகாய் என்ற துறவி இதை 806இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஜப்பானியர் இன்றும் கிழமைகளைக் கோள்களின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ராகுவும் கேதுவும் மட்டும் வழியில் மாறிப்போனார்கள். கிரகத் தீங்குகளை நீக்க 9ஆம் நூற்றாண்டில் சீனத்தில் எழுந்த ஒரு கையேடு ராகுவுக்கு 93 ஆண்டு அட்டவணையும் கேதுவுக்கு 62 ஆண்டு அட்டவணையும் தருகிறது. நம் பஞ்சாங்கத்தில் இரண்டும் எப்போதும் ஏழாமிடத்தில் எதிரெதிரே நிற்பவை. இரண்டுக்கும் வேகம் ஒன்றே. கையேட்டின் கணக்கில் ராகு 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று வருகிறது, அது சந்திரப் பாதையின் வெட்டுப்புள்ளிக்குச் சரி. கேதுவோ 62 ஆண்டில் ஏழு சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.86 ஆண்டு. இது சந்திரனின் உச்சப்புள்ளி நகரும் வேகம். பெயர் இந்தியாவிலிருந்து வந்தது, பொருள் வேறொன்றாகிவிட்டது. மரபுகள் கடன் வாங்கும் விதத்துக்கு இதைவிடத் துல்லியமான சான்றை நான் கண்டதில்லை.

அரசனைவிட்டு ஆளை நோக்கிச் சீனச் சோதிடம் திரும்பியதும் இதே காலத்தில்தான். பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றின் குறியீடுகளைக் கொண்டு விதி கணித்த லி சூஜுங் 813இல் இறந்தார். அவருடைய கல்லறை வாசகத்தை எழுதியவர் ஹான் யூ என்ற பெரும் எழுத்தாளர். ஆனால் அந்தக் கணிப்பின் கருவிகள் முழுக்கச் சீனத்துக்கே உரியவை: பத்துத் தண்டுகள், பன்னிரண்டு கிளைகள் என்னும் குறிகள் சேர்ந்த 60இன் சுற்று.

அந்த அறுபதையும் நம் அறுபதையும் ஒன்றாக்கியவர்கள் திபெத்தியர். நம்முடையது வியாழனின் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றை ஐந்தால் பெருக்கி வந்தது. வட இந்தியாவில் வியாழனோடு ஒத்துப்போக அவ்வப்போது ஓர் ஆண்டைத் தள்ளுவார்கள், தெற்கே தள்ளுவதில்லை. காலசக்கரம் என்னும் பௌத்த மரபை ஏற்ற திபெத்தியர் 1027ஆம் ஆண்டைத் தங்கள் முதல் சுற்றின் தொடக்கமாகக் கொண்டார்கள். சுற்றின் முதலாண்டுக்கு இந்தியப் பிரபவவின் பெயரை மொழிபெயர்த்துச் சூட்டினார்கள்; ஆண்டின் அடையாளத்துக்குச் சீன வழக்கப்படி மூலகமும் விலங்கும் சேர்ந்த தீ-முயலை எடுத்துக்கொண்டார்கள். 1987 சித்திரையில் தமிழர்களுக்குப் பிரபவ பிறந்தபோது திபெத்தியர்களுக்கும் 17ஆம் சுற்று தொடங்கியிருந்தது. சீனர்களுக்கும் அது தீ-முயல் ஆண்டுதான், ஆனால் சுற்றின் நான்காம் ஆண்டு. அவர்களுடைய சுற்று 1984இலேயே தொடங்கிவிட்டது.