அரவின் நஞ்சும் அறிவியலும்

நரம்பின் ஏவலைத் தசை எவ்வாறு ஏற்கின்றது? 1905 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியலறிஞர் லாங்லி, கோழியின் தசையில் நிக்கொற்றீனை இட்டு இவ்வினாவை ஆராய்ந்தார். நரம்பை அறுத்து, அது நலிந்தழிந்த பின்னரும், நிக்கொற்றீன் பட்டதும் தசை சுருங்கிற்று. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியிற் பூசும் குராரே என்னும் நஞ்சோ அச்சுருக்கத்தைத் தடுத்தது. ஆதலின் இவ்விரண்டையும் ஏற்கும் பொருளொன்று தசையிலேயே இருத்தல் வேண்டுமென அவர் துணிந்தார். இன்று வாங்கி எனப்படுவது அதுவே.

ஆயினும், புகை கண்டு நெருப்பை உய்த்துணர்வார்போல, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் விளைவு கண்டே வாங்கியை உய்த்துணர்ந்தனர். நரம்பு முனை சுரக்கும் அசற்றைல்கோலினும், குராரேயும் வாங்கியைப் பற்றி விரைவில் விட்டு நீங்குவன. அவற்றைத் துணைக்கொண்டு அதனைப் பிரித்தெடுத்தல் அரிதாயிற்று. பற்றியபின் விடாத பொருளொன்று வேண்டப்பட்டது.

அது தாய்வானிற் கிடைத்தது. 1963 இல் சாங், லீ என்னும் அறிஞர் இருவர், அந்நாட்டுக் கட்டுவிரியனின் நஞ்சை மின்புலத்தின் துணையாற் பல கூறுகளாகப் பிரித்தனர். சில கூறுகள் நரம்பு முனையைத் தாக்கின. அல்பா-பங்கரோதொட்சின் என்னும் கூறோ தசையின் வாங்கியையே பற்றிற்று. கழுவினும் எளிதில் நீங்கிற்றில்லை. 74 அமினோவமிலங்களாலாய சிறு புரதம் அது.

மின்விலாங்கின் மின்னுறுப்பிலே இவ்வாங்கிகள் மிகச் செறிந்துள்ளன. 1970 இல் பாரிசைச் சேர்ந்த ஷான்ஷோ, லீயுடன் கூடி, அவ்வுறுப்பிலிருந்து பெற்ற வாங்கியை இந்நஞ்சினால் இனங்கண்டார். அனுமானம் பொருளாயிற்று.

இதன் பயன் நோயாளரையும் எட்டிற்று. மயஸ்தீனியா என்னும் தசைத்தளர்ச்சி நோயுற்றோருக்குக் கண்ணிமை சோரும். மெல்லவும் விழுங்கவும் வலி குன்றும். குறை நரம்பு முனையிலுள்ளதெனப் பலர் கருதியிருந்தனர். 1973 இல் அமெரிக்க ஆய்வாளர், கதிர்வீசும் அயடீன் ஏற்றிய இந்நஞ்சினால் நோயாளரின் தசையிலுள்ள வாங்கிகளை எண்ணினர். அவை பெரிதும் குறைந்திருந்தன. அதே ஆண்டில், மின்விலாங்கின் வாங்கியை ஊசிமூலம் ஏற்றிய முயல்களும் அவ்வாறே தளர்ந்தன. உடலின் காப்புப் படையே தன் வாங்கியைப் பகையெனக் கொண்டு அழிக்கின்றது என்னும் உண்மை இவ்வாறு துலங்கிற்று. மருத்துவமும் அவ்வழி திரும்பிற்று.

கடியுண்டவனின் மூச்சை நிறுத்துவதும், ஆய்வாளனுக்கு வாங்கியைக் காட்டியதும் ஒரே பண்பு: பற்றியதை விடாமை. நஞ்சை அஞ்சி அகலாது, அது செயற்படும் இடம் யாது என வினவியோரே நோயின் இருப்பிடத்தையும் கண்டனர்.