நோய்க் காப்பின் ஆயுள்

எங்கள் தோட்டத்தில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் உளர். அவர்தம் இடக்கையின் மேற்புறத்தே காசளவான வட்டத் தழும்புகள் இரண்டு காணப்படும். பெரியம்மை வாராது காத்தற்பொருட்டுச் சிறு பிராயத்தில் அம்மை குத்திய அடையாளங்கள் அவை. 2021-ஆம் ஆண்டில், கொரோனாத் தடுப்பூசிக்குப் பெயர் பதியும் பணி தோட்டத்து ஆபீசில் கிராணியாகிய எனக்கு ஏற்பட்டபோது, அம்மூதாட்டியார் தம் கையைக் காட்டி, “தம்பி, இதைச் சின்னப் பிள்ளையிலே ஒருதரம் குத்தினாங்க, அதோட சரி. இப்ப மட்டும் ஏன் ரெண்டு, மூணுன்னு குத்திக்கிட்டே இருக்கச் சொல்றாங்க? ஒருதரத்திலே நிக்காத மருந்து என்ன மருந்து?” என்று வினவினார்.

பக்கத்தில் நின்றோர் நகைத்தனர். யானும் தக்க விடை கூற இயலாது, கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டபாடில்லை. அது பேதைமையால் எழுந்த வினா அன்று. ஐரோப்பிய வைத்தியப் பேரறிஞர் நூறாண்டுக்கு மேலாகத் தம்முள் வாதிட்ட வினாவே அது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அறிந்ததை நம் அன்பர்க்கு எடுத்துரைப்பது கடமையெனக் கருதி இதனை எழுதலானேன்.

பழையோர் அறிந்ததும் அறியாததும்

ஒருமுறை கண்ட கொள்ளைநோய் மறுமுறை அணுகாது என்பது மிகப் பழைய அனுபவம். கி.மு. 430-இல் ஏதென்ஸ் நகரில் பெருநோய் ஒன்று பரவியபோது, தாமும் அந்நோயிற் கிடந்து பிழைத்த துசிடிடீஸ் என்னும் சரித்திர ஆசிரியர், நோய் கண்டு தேறியவர்களே நோயாளிகளுக்கு அஞ்சாது பணிவிடை செய்தனர் என்றும், அவர்களை அந்நோய் மீண்டும் பற்றிக் கொன்றதில்லை என்றும் எழுதிவைத்தார்.

ஆனால், அக்காப்பு எத்தனை ஆண்டு நிற்கும்? பத்து ஆண்டோ, ஆயுள் முழுவதுமோ? இதனைப் பெருநகரங்களிற் கண்டறிதல் அரிது. அங்கு நோய் இடையறாது உலவிக்கொண்டேயிருக்கும். ஒருமுறை நோய் கண்டவர் தெருவிலும் சந்தையிலும் அக்கிருமியை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவார். அவர் நோயுறாதிருப்பது பழைய காப்பின் வலிமையாலா, அன்றி அக்காப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதாலா என்று எவ்வாறு கூறுவது? நோய் ஒருமுறை வந்து, பல்லாண்டுக் காலம் அறவே மறைந்து, மறுபடியும் வருகின்ற ஓரிடம் வேண்டும். இயற்கை அத்தகைய ஓரிடத்தை அமைத்துவைத்திருந்தது.

பாரோத் தீவுகள்

இஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, குளிர்ந்த கடலின் நடுவே, டென்மார்க்கு அரசுக்குட்பட்ட பாரோத் தீவுகள் இருக்கின்றன. 1846-இல் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 7,800 பேர். 1781-இல் அத்தீவுகளில் தட்டம்மை பரவிற்று. அதன்பின் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கு எட்டிப் பார்க்கவேயில்லை. 1846 மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் கோபன்ஹேகன் நகரத்தினின்றும் கப்பலேறிய தச்சர் ஒருவர் 28-ஆம் நாள் அத்தீவுகளில் இறங்கினார். சில நாட்களில் அவருக்குத் தட்டம்மை கண்டது. பின்னர்த் தீவு தீவாகப் பரவி, ஆறு மாதத்துள் 6,000-க்கு மேற்பட்டோரைப் படுக்கையில் வீழ்த்தியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

டென்மார்க்கு அரசாங்கத்தார் இளம் வைத்தியர் இருவரை அனுப்பினர். அவருள் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும்; வயது இருபத்தைந்து; பரீட்சையில் தேறி அதிக நாள் ஆகவில்லை. அவரிடம் இந்நோய்க்கேற்ற மருந்து இல்லை. நுண்கிருமியே இத்தகைய நோய்க்குக் காரணம் என்பதும் அன்று நிலைநாட்டப்படவில்லை. அவரிடம் இருந்தது கணக்கெழுதும் பொறுமை ஒன்றே. ஊர் ஊராய், வீடு வீடாய்ச் சென்று, இன்னார்க்கு இன்ன நாளில் நோய் கண்டது, அதற்கு முன் அவர் யாரைச் சந்தித்தார் என்றெல்லாம் வினவிக் குறித்துக்கொண்டார். நாள்தோறும் செக்ரோல் எழுதிப் பழகிய என்போன்றோர்க்கு அம்மனிதரிடத்துத் தனியன்பு தோன்றுவதில் வியப்பில்லை.

அக்கணக்கு கூறியது யாது? திமிங்கல வேட்டைக்காக வேற்றூர் சென்று திரும்பிய பத்துப் பேர், பதினான்காம் நாளில் ஒருசேரத் தட்டம்மை கண்டனர். ஒருவர்பால் நோய் தொற்றியதற்கும் மேனியிற் செம்புள்ளி தோன்றுவதற்கும் இடையே ஏறக்குறைய பதினான்கு நாள் என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. கெட்ட காற்றினால் நோய் தானே விளைகிறது என்ற பழங்கொள்கை ஆட்டங்கண்டது.

அதனினும் பெரிய உண்மை முதியோரிடத்துக் கிடைத்தது. 1781-இல் குழந்தைகளாகவோ இளைஞராகவோ இருந்து தட்டம்மை கண்டு பிழைத்தவர் பலர் அப்போதும் உயிருடன் இருந்தனர். பானும் தாம் நேரிற் கண்ட அத்தகைய முதியோர் 98 பேரைப் பற்றி எழுதுகிறார். வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் நோயிற் கிடக்க, அவர்களுள் ஒருவரையேனும் அந்நோய் தீண்டவில்லை! முதுமையே அவர்களைக் காத்தது எனலாமோ எனின், அன்று. 1781-இல் நோய்க்குத் தப்பியிருந்த முதியோர் இப்போது நோய்வாய்ப்பட்டனர். இடையில் 65 ஆண்டுகள் அக்கிருமியின் நிழலும் படாதிருந்தும், முதலிற் பெற்ற காப்பு ஒன்றே அந்த 98 பேரையும் தாங்கி நின்றது. 1847-இல் பானும் வெளியிட்ட அவ்வாராய்ச்சியை இன்றும் வைத்திய உலகம் போற்றுகின்றது.

ஜென்னரின் உறுதிமொழி

நிற்க. நோய் தந்த காப்பு இங்ஙனம் நிலைத்ததாயின், ஊசி தந்த காப்பு எவ்வாறு? இதனை அறியப் பெரியம்மையின் சரித்திரத்துக்குச் செல்லவேண்டும்.

1796 மே மாதம் 14-ஆம் நாள், இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். பின்னர்ப் பெரியம்மைச் சீழையே குத்தியும் அவனுக்கு நோய் காணவில்லை. 1798-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒன்பது வயதில் பசுவம்மை கண்ட ஒருவர், 62-ஆம் வயதில் பெரியம்மைச் சீழ் குத்தப்பெற்றும் நோயுறாதிருந்ததை எடுத்துக்காட்டினார். ஆதலின், ஒருமுறை அம்மை குத்தினால் ஆயுள் முழுவதும் அச்சமில்லை என்று உறுதி கூறினார். உலகமும் நம்பிற்று.

ஆயினும், குழந்தைப் பருவத்தில் அம்மை குத்தப்பெற்றோர் வளர்ந்து ஆளானபின், அவர்களுட் சிலர்க்குப் பெரியம்மை காணத் தொடங்கியது. பெரும்பாலும் இலேசாகவே கண்டது, எனினும் கண்டது. ஜென்னர் காட்டிய உதாரணங்கள் பொய்யல்ல. சிலர்பால் நின்ற காப்பை எல்லார்க்கும் உரியதெனக் கொண்டதே பிழை. இந்நிலையில் இரு சாரார் தோன்றினர். பெரியார் கூறியது பொய்யாகாது. குத்தியவர் சரியாகக் குத்தியிரார் என்றனர் ஒரு சாரார். அம்மை குத்துவதே ஏமாற்று. விட்டொழியுங்கள் என்றனர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் இன்றும் நம் நடுவே காண்கின்றோம்!

மூன்றாவது வழியொன்று இருந்தது. காப்பு தேயுமாயின் அதனைப் புதுப்பித்தால் என்ன? பிரஷ்ய அரசாங்கத்தார் 1834 முதல் படையிற் சேர்ந்தோர்க்கு மீண்டும் அம்மை குத்தினர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, பெரியம்மையும் உடன் பரவியது. பிரெஞ்சுப் படையில் அது பேரழிவு செய்ய, மறுமுறை குத்தப்பெற்ற பிரஷ்யப் படையில் மிகச் சிலரே மாண்டனர். ஆனால், அப்படை புறப்பட்ட அதே நாட்டில், மறுமுறை குத்தப்பெறாத பொதுமக்களுள் 1871, 1872 ஆகிய ஈராண்டுகளில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் பெரியம்மையால் இறந்தனர். ஆகவே 1874-இல் ஜெர்மனியில் சட்டம் செய்து, குழந்தைப் பருவத்தில் ஒருமுறையும் பன்னிரண்டாம் வயதில் ஒருமுறையும் அம்மை குத்த ஏற்பாடு செய்தனர். ஜென்னர் பெயரும் கெடவில்லை, நோயும் ஒடுங்கிற்று. பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வதால் அறிவு தோற்பதில்லை. திருத்த மறுப்பதே தோல்வி.

வாயிற்காப்பும் உயிர்க்காப்பும்

1902, 1903 ஆகிய ஆண்டுகளில் லிவர்ப்பூல் நகரிற் பெரியம்மை பரவியது. குழந்தைப் பருவத்தில் அம்மை குத்தப்பெற்று நடுவயதை எய்தியவர்களும் நோய் கண்டனர். ஆயினும் ஒருபோதும் குத்தப்பெறாதாரினும் மிகக் குறைந்த விகிதத்திலேயே மாண்டனர். காப்பு என்பது ஒன்றன்று, இரண்டு என்பது இதனால் விளங்கும். நோய் உள்ளே நுழையாது தடுப்பது வாயிற்காப்பு. நுழைந்த நோய் உயிரைக் கொள்ளாது தடுப்பது உயிர்க்காப்பு. முன்னது விரைவில் தேய்வது. பின்னது நெடுநாள் நிற்பது.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. நோய்க்கிருமி ஒன்று உடலில் புகுந்தால், அதற்கென்றே அமைந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் உண்டாகிறது. அதனை உண்டாக்கிய உயிரணுக்களுட் சில எலும்பின் மச்சையில் தங்கிப் பல்லாண்டு சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டிருக்கும். வேறு சில, கிருமியின் உருவை நினைவில் வைத்து உறங்கும். பகைவன் மீண்டும் வந்தால் விழித்துப் பெருகும். அமெரிக்க அறிஞர் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அம்மை குத்தி 75 ஆண்டு ஆனவரிடத்தும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டியது. 1918-இன் பெருங்காய்ச்சலின்போது பிறந்திருந்த 32 முதியோரை 2008-இல் சோதித்தபோது, தொண்ணூறு ஆண்டுக்குப் பின்னும் அந்நினைவு அவர்தம் இரத்தத்தில் அழியாதிருந்தது.

கிருமியின் மாறுவேடம்

அங்ஙனமாயின், இன்புளுவென்சாக் காய்ச்சல் நமக்கு மீண்டும் மீண்டும் வருவதேன்? உடல் மறந்துவிடுகிறதா? இதற்கு விடை 1977-இல் கிடைத்தது. 1957-இல் மக்களிடையே மறைந்துபோன ஒருவகை இன்புளுவென்சாக் கிருமி, அவ்வாண்டு சீனத்திலும் ருஷியாவிலும் பெரிதும் மாறாத பழைய உருவோடே மறுபடியும் தோன்றியது. நோய்ப்பட்டவர் பெரும்பாலும் 25 வயதுக்குட்பட்ட இளைஞரே! அதனை முன்னரே கண்டிருந்த மூத்தோர் பெரும்பாலும் தப்பினர். இருபது ஆண்டாகியும் உடல் மறக்கவில்லை. வழக்கமாக மாறுவது கிருமியின் வேடமே. தட்டம்மைக் கிருமி தன் வேடத்தைப் பயன்படுமாறு மாற்றவல்லதன்று. இன்புளுவென்சாவும் கொரோனாவும் மாற்றவல்லன.

அன்றியும், தட்டம்மை உடலிற் பரவி வெளிப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகின்றது. உறங்கும் நினைவு விழித்தெழ அக்காலம் போதும். கொரோனாவோ சின்னாட்களில் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடும். நினைவு விழிக்குமுன் சளியும் காய்ச்சலும் வந்துவிடும். விழித்தபின் உயிர்க்கேடு தடுக்கப்படும்.

நம் நாட்டில் யாவரும் அறிந்த டெங்கிக் காய்ச்சலோ நான்கு வகைக் கிருமிகளால் வருவது. ஒருவகை கண்டவர்க்கு அவ்வகையினின்றும் நெடுங்காலக் காப்பு உண்டு. பிறவகைகளினின்றும் சில மாதக் காப்பே உண்டு. இரண்டாம் முறை வேறுவகை தாக்கும்போது நோய் கொடிதாதலும் கூடும். “எனக்குத்தான் ஒருதரம் வந்துவிட்டதே” என்று கொசுவைப் பொருட்படுத்தாதிருப்போர் இதனை மறவாதிருப்பாராக.

விலை யாது?

இனி, நோய் கண்டு பெறும் காப்பே ஊசியினும் உயர்ந்ததன்றோ என்பார்க்கு ஒன்று கூறுவேன். பாரோத் தீவின் 98 முதியோரைக் காண்கிறோம். 1781-இல் மாண்டவரைக் காண்கிறோமில்லை. பிழைத்தவரை மட்டும் கணக்கில் எழுதி, இறந்தவரை விட்டுவிடும் பேரேடு பொய்ப் பேரேடு. மேலும், தட்டம்மை தன் நினைவைப் பதிக்கும்போதே, உடல் முன்பு பெற்றிருந்த பிற நோய்களின் நினைவை அழிக்கிறது என்பது 2019-இல் தெளிவாயிற்று. தடுப்பூசி போடப்பெறாது தட்டம்மை கண்ட குழந்தைகள், தாம் முன்பு பெற்றிருந்த எதிர்ப்பொருள்களில் நூற்றுக்கு 11 முதல் 73 பங்குவரை இழந்திருந்தனர். ஊசியால் அவ்விழப்பு நேர்வதில்லை.

மூதாட்டியார் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஒருதரத்தில் நில்லாமை மருந்தின் பொய்ம்மையைக் காட்டவில்லை. அவர் கையில் தழும்பிட்ட பெரியம்மை ஊசியும் ஒருமுறையோடு எல்லாரையும் ஆயுள் முழுதும் காத்ததன்று. மீண்டும் மீண்டும் குத்தியும், நோய் கண்ட இடத்தைச் சூழ்ந்தோரையெல்லாம் தேடிக் குத்தியுமே அந்நோய் ஒழிக்கப்பட்டது. 1977-இல் சோமாலியாவில் இயற்கையாய்ப் பரவிய கடைசி நோயாளி காணப்பட்டார். 1980-இல் உலகத்தில் பெரியம்மை இல்லையென்று அறிவித்தார்கள். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் அத்தழும்பு இல்லை. குத்தவேண்டிய தேவையே அற்றுப்போயிற்று.

அண்மையில் இவற்றையெல்லாம் எளிய மொழியில் அவர்க்கு எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அட, வெட்டின காட்டிலே திரும்பப் புல்லு முளைச்சா, மறுபடி வெட்டத்தானே போறோம், கத்தி பொய்யின்னா சொல்றோம்?” என்றார். யான் நூல்களிற் படித்ததை அவர் தம் தொழிலிலேயே கண்டிருந்தார். அவரிடம் அன்றே பொறுமையாக எடுத்துரையாதது என் குற்றம். கேள்வி கேட்போரைக் கண்டு நகையாதீர். விடை அறிந்தோர் அதனைச் சொல்லாது போகாதீர்.