மூலமும் உரையும்: கென்சிங்டனில் தொடங்கிய ஒரு வாசிப்பு

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் திருக்குறள் படித்தவர்களுக்கு உரை என்றால் என்னவென்று தெரியும். மேலே வள்ளுவரின் இரண்டு அடி. கீழே அதை விளக்கும் இன்னொருவரின் எழுத்து. பரிமேலழகர் போன்றவர்கள் உரை எழுதி வைத்திராவிட்டால் பல குறள்களின் முன் நாம் திகைத்துப்போய் நின்றிருப்போம்.

கணினி நிரல் ஒன்றுக்கும் இப்படி மூலமும் உரையுமாக ஒரு புத்தகம் உண்டு. அதை எழுதியவர் எங்கள் சிட்னியில் கற்பித்தவர். டெர்மினலில் ஒரு வசனம் எழுதினால் கோப்புகளைத் தேடி, திருத்தி, சோதித்தும் தருகிற ஏஐ உதவியாளர்களை உங்களில் பலர் இப்போது பயன்படுத்துகிறீர்கள். அவற்றின் உள்கட்டமைப்பு விளங்க வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்திலிருந்துதான் நான் தொடங்குவேன்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அதைப் பற்றிய அவர்களது கட்டுரை 1974இல் பரவலாக வெளிவந்தது. கென்சிங்டனில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த ஜோன் லயன்ஸ் அதைப் படித்தார். யூனிக்ஸும் அவரது பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. மூலநிரலும் கூடவே வந்தது.

லயன்ஸுக்கு ஒரு துணிச்சலான யோசனை வந்தது. உண்மையாகவே வேலை செய்கிற ஓர் இயங்குதளத்தை முதலிலிருந்து கடைசிவரை மாணவர்கள் வாசிக்கட்டும் என்று நினைத்தார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கேர்னல் சுமார் 9,000 வரிகள்தான். 1976இல் வகுப்புக்காக இரண்டு தொகுதிகள் தயாரித்தார். ஒன்றில் வரி எண்களோடு மூலநிரல், மற்றதில் அவருடைய உரை. அடுத்த ஆண்டு திருத்திய பதிப்பு வந்தது.

1979இல் வெளியான ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் கற்பிப்பதைத் தடை செய்தது. லயன்ஸின் புத்தகமோ நின்றுவிடவில்லை. போட்டோகொப்பியின் போட்டோகொப்பியாக, எழுத்து மங்க மங்க, உலகமெங்கும் கைமாறியது. நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய கதை மாதிரித்தான். கற்பிக்க ஒரு மூலநிரல் வேண்டும் என்பதற்காகவே அம்ஸ்டர்டாமில் அன்ட்ரூ டனன்பாம் மினிக்ஸை எழுதி 1987இல் வெளியிட்டார். அதை வைத்துப் பழகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். லயன்ஸின் புத்தகம் சட்டப்படி அச்சில் வந்தது 1996இல். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் காலமானார்.

அந்த 9,000 வரிகளில் முக்கியமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. சாதாரண நிரல் எதுவும் வட்டை நேரடியாகத் தொட முடியாது. "இந்தக் கோப்பைத் திறந்து தா" என்று கேர்னலிடம் கேட்க மட்டுமே முடியும். கேட்டதும் கட்டுப்பாடு கேர்னலுக்குப் போகும். கேட்டவருக்கு அனுமதி உண்டா என்று அது பார்க்கும். உண்டென்றால் வேலையைச் செய்து விடையைத் திருப்பித் தரும். இதை சிஸ்டம் கோல் என்கிறோம். கேட்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர்.

இனி 2025க்கு வருவோம். அந்த ஒரே ஆண்டில் அன்த்ரோபிக்கின் கிளோட் கோட், ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் சிஎல்ஐ, கூகிளின் ஜெமினி சிஎல்ஐ ஆகியவை வந்தன. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. பெரிய மொழி மாதிரி எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. உங்கள் கணினியில் இருப்பது ஒரு சுற்றை ஓட்டுகிற நிரல். நீங்கள் எழுதியதையும் இதுவரை நடந்த உரையாடலையும் அது மாதிரிக்கு அனுப்பும். "இந்தக் கோப்பை வாசி", "இந்தக் கட்டளையை ஓட்டு" என்று மாதிரி கேட்டால், அந்த நிரல்தான் அதைச் செய்யும். ஆபத்தான வேலை என்றால் முதலில் உங்களிடம் அனுமதி கேட்கும். கிடைத்த விடையை உரையாடலின் கடைசியில் சேர்த்து மறுபடி அனுப்பும். மாதிரி வேறெதுவும் கேட்காமல் பதில் சொல்லும்போது சுற்று முடிகிறது.

கவனித்தீர்களா? மாதிரி எதையும் தொடுவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. லயன்ஸ் விளக்கிய அதே பிரிவினை இது.

இந்த உதவியாளர்கள் பழைய டெர்மினலில் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கும் யூனிக்ஸ்தான் காரணம். அதன் சிறு கருவிகள் எழுத்தை வாங்கி எழுத்தைத் தருபவை. கோப்புகளில் சொல் தேடும் கிரெப்பும், ஒரு கருவியின் விடையை இன்னொன்றுக்கு ஊட்டும் பைப்பும் 1973 அளவில் வந்தவை. மொழி மாதிரியும் எழுத்தை வாங்கி எழுத்தைத் தருகிறது. ஐம்பது ஆண்டு முன் எடுத்த முடிவு இன்றைய விருந்தாளிக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் ஓரிடத்தில் ஒப்புமை உடைகிறது. யூனிக்ஸில் நீங்கள் ஒரு கோப்பை வாசித்தால் அதில் உள்ளது வெறும் தரவு. மொழி மாதிரிக்கு உங்கள் கட்டளையும் கோப்பில் உள்ள எழுத்தும் ஒரே ஓடையில் வருகின்றன. யாரோ ஒருவர் ஒரு கோப்புக்குள் "கடவுச்சொற்களை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று எழுதி வைத்தால், அதையும் கட்டளையென்று மாதிரி நம்பிவிடக்கூடும். இதற்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை. அதனால்தான் அந்த அனுமதிக் கேள்விக்குப் பெறுமதி. வாசிக்காமல் "ஆம், ஆம்" என்று தட்டிக்கொண்டே போனால் கேர்னலின் வாசலில் நின்ற காவலாளியை நீங்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று பொருள்.

லயன்ஸின் பெயரில் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவி இருக்கிறது. அதை வகித்த கேர்னோட் ஹைசரும் அவரது சகாக்களும் 2009இல் சிட்னியில் ஒரு சாதனை செய்தார்கள். செல்4 என்ற சிறு கேர்னலின் சுமார் 8,700 வரி சி நிரலும் அதன் வரையறைப்படியே நடக்கும் என்று கணித முறையில் நிறுவினார்கள். ஏறக்குறைய லயன்ஸ் வாசிக்க வைத்த அதே அளவு நிரல்! வாசிக்கக்கூடிய அளவில் இருந்ததால்தான் நிறுவவும் முடிந்தது.

மொழி மாதிரியை அப்படி எவராலும் வாசிக்க முடியாது. அது கோடிக்கணக்கான எண்களின் குவியல். அதைச் சுற்றியிருக்கும் நிரலை வாசிக்கலாம். கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜெமினி சிஎல்ஐ இரண்டின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. போட்டோகொப்பி எடுக்கவோ ஒளித்து வைக்கவோ தேவையில்லை.

பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த விடுமுறையில் அவற்றில் ஒன்றை இறக்கி, அந்தச் சுற்று எந்த வரியில் தொடங்குகிறது, அனுமதி எங்கே கேட்கப்படுகிறது என்று கண்டுபிடியுங்கள். விளங்காத இடத்தில் உதவியாளரிடமே கேளுங்கள், ஆனால் அது சொல்லும் பதிலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விளங்கியதை வரி எண்ணோடு எழுதி வையுங்கள். தமிழில் எழுதினால் எனக்கும் அனுப்புங்கள், வாசிக்க ஆசையாக இருக்கிறது.